அறக்கட்டளையிடம் அவ்வளவு பணம் இருந்தும் ஏன் இவ்வளவுதான் கிடைக்கிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: வேலை போய், வாடகை பாக்கி விழுந்த ஒரு தோழி, பெரிய நிதி வைத்திருப்பதாகப் பேசப்படும் ஒரு அறக்கட்டளையிடம் உதவி கேட்டார். வாரக்கணக்கில் காகிதங்கள் கேட்டார்கள். கடைசியில் கிடைத்தது பாக்கியில் ஒரு பகுதிதான். அதையும் அவர் கையில் தராமல் வீட்டு உரிமையாளரின் கணக்குக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பணமெல்லாம் எங்கிருந்து வருகிறது? யார், எப்படிப் பிரிக்கிறார்கள்? ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்?

நியாயமான கேள்வி. அறக்கட்டளை ஒன்றின் உதவிக் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படித்து, யாருக்கு எவ்வளவு என்று எழுதும் வேலையைச் செய்திருக்கிறேன். அதன் வரவு செலவையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். நீங்கள் கேள்விப்பட்ட அந்தப் பெரிய தொகை பெரும்பாலும் செலவு செய்யக்கூடிய பணமே அல்ல. அது ஈட்டித் தருவதைத்தான் செலவு செய்ய முடியும். ஈட்டியதிலும் ஒரு பகுதியை எதற்குச் செலவிட வேண்டும் என்று கொடுத்தவர்கள் முன்பே எழுதி வைத்திருப்பார்கள். உங்கள் தோழிக்கு எவ்வளவு என்பதை அவருடைய கஷ்டம் பாதி தீர்மானிக்கிறது. அந்தப் பணம் எந்தக் கணக்கில், என்ன நிபந்தனையோடு இருக்கிறது என்பது மீதியைத் தீர்மானிக்கிறது. இந்த இரண்டாவது விஷயத்தை விண்ணப்பிப்பவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அறக்கட்டளைக்குப் பணம் வரும் வழிகள் பல. உயிலில் எழுதி வைத்த சொத்து, ஒருவர் மொத்தமாகக் கொடுத்த தொகை, மாதாமாதம் சிறுகச் சிறுக வரும் நன்கொடை, நிறுவனங்கள் தரும் பணம், கட்டடங்களின் வாடகை, பங்குகளின் ஈவுத்தொகை, வைப்புத்தொகையின் வட்டி என்று நீளும். சில இடங்களில் அரசே ஒரு தொகையைக் கொடுத்து, தேவைப்படுவோருக்குப் பங்கிட்டுக் கொடுங்கள் என்று சொல்வதும் உண்டு. இவற்றில், நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கப்பட்டது மூலநிதி. கார்ப்பஸ் என்றும் சொல்வார்கள். அதில் கைவைக்க அறங்காவலர்களுக்கு அனுமதி இருக்காது, அல்லது மிகக் கடுமையான நிபந்தனைகளோடு மட்டுமே இருக்கும். விதைநெல் மாதிரி அது. பசிக்கிறது என்று எடுத்துக் குத்திவிட்டால் அடுத்த போகம் கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூலநிதி 1,000 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு அதில் 4 சதவீதம் எடுத்துச் செலவு செய்யலாம் என்பது அறங்காவலர்களின் முடிவு. ஆக 40 பங்கு. தணிக்கை, அலுவலகம், விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் ஊழியர் சம்பளம் என்று 5 போனால் 35. அதில் 15 பங்கு, குறிப்பிட்ட வகை மாணவர்களுக்கு மட்டும் என்று எழுதப்பட்ட நிதியிலிருந்து வந்தது. மீதி 20. திடீர் விபத்து, தீ, வெள்ளம் என்றால் கொடுப்பதற்காக 3 பங்கை ஒதுக்கி வைக்கிறார்கள். மிச்சம் 17. அதைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்தால் மாதத்துக்கு ஒன்றரைப் பங்கு கூட வராது. அந்த மாதம் வாடகைக்கு, மருத்துவத்துக்கு, மின் கட்டணத்துக்கு என்று வந்த எல்லா விண்ணப்பங்களும் அந்த ஒன்றரைப் பங்குக்குள்தான் அடங்க வேண்டும். வெளியில் இருப்பவர் கண்ணுக்கு 1,000 தெரிகிறது. குழுவின் மேஜையில் இருப்பது ஒன்றரை.

ஏன் 4 சதவீதம்? முதலீடு 7 சதவீதம் ஈட்டினால் அந்த 7 சதவீதத்தையும் ஏன் கொடுக்கக் கூடாது? விலைவாசிதான் காரணம். ஆண்டுக்கு 3 சதவீதம் விலை ஏறினால் ஏறத்தாழ 24 ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். 6 சதவீதம் ஏறினால் அதற்கு 12 ஆண்டுகளே போதும். ஆகவே ஈட்டியதில் ஒரு பகுதியைத் திரும்ப மூலநிதியிலேயே சேர்த்தால்தான் அடுத்த தலைமுறைக்கும் இதே அளவு உதவி செய்ய முடியும். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் டோபின் 1974இல் இதைக் கறாராகச் சொன்னார்: மூலநிதியைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள், நிகழ்காலத்தின் கோரிக்கைகளிடமிருந்து எதிர்காலத்தைக் காப்பவர்கள். பல்கலைக்கழகங்களை மனத்தில் வைத்து அவர் சொன்னது அது. அங்கே அது பொருந்தும். ஆனால் வறுமையில் உழல்பவர்களுக்காக ஏற்பட்ட அறக்கட்டளை அதை அப்படியே எடுத்துக்கொள்வது சரியல்ல என்றே நான் நினைக்கிறேன். இந்த ஆண்டு கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை விட்ட பிள்ளைக்கு, ஐம்பது ஆண்டு கழித்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பது ஈடாகாது. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால்தான் எவ்வளவு செலவிடலாம் என்பது ஒவ்வோர் ஆண்டும் அறங்காவலர் கூட்டத்தில் சண்டையாகிறது. சண்டை நடப்பது நல்லது. நடக்காத இடத்தில்தான் பணம் தூங்கும்.

பணம் எப்படித் தூங்கும் என்பதற்கு, அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளினின் உயில் நல்ல உதாரணம். 1790இல் இறந்த அவர், பாஸ்டன், பிலடெல்பியா என்ற இரு நகரங்களுக்கும் ஆளுக்கு 1,000 பவுண்டு விட்டுச் சென்றார். தொழில் பழகி முடித்த, திருமணமான, 25 வயதுக்கு உட்பட்ட இளம் கைவினைஞர்களுக்கு 5 சதவீத வட்டியில் கடன் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்காக அசல் திரும்பி வர வேண்டும். வந்ததை மறுபடி கடனாகக் கொடுக்க வேண்டும். இப்படி 100 ஆண்டு, பிறகு ஒரு பகுதியை எடுத்துப் பொதுக் காரியத்துக்குச் செலவிட்டு, மிச்சத்தை இன்னொரு 100 ஆண்டு. இளமையில் தனக்குக் கிடைத்த கைமாற்றுக் கடனால் அச்சகம் வைத்து முன்னேறியவர் அவர். அதே வாய்ப்பு பிறருக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் தொழிற்சாலைகள் வந்தன. குருவிடம் தொழில் பழகிச் சொந்தப் பட்டறை வைக்கும் வழக்கமே தேய்ந்தது. ஜாமீன் கொடுக்க ஆள் கிடைப்பதும் கஷ்டமானது. கடன் கேட்டு வருபவர்கள் குறைந்துகொண்டே போக, பணம் வேறு முதலீடுகளில் வளர்ந்தது. 200 ஆண்டு முடிந்து 1990ஐ ஒட்டிக் கணக்குப் பார்த்தபோது பாஸ்டனில் சுமார் 50 லட்சம் டாலரும் பிலடெல்பியாவில் சுமார் 20 லட்சம் டாலரும் இருந்தன. நிதி வளர்ந்த கதையாக இதைப் பலரும் பெருமையாகச் சொல்வார்கள். கடன் கிடைத்திருந்தால் தலைநிமிர்ந்திருக்கக்கூடிய எத்தனையோ பேர் வெறும் கையோடு நின்ற கதையும் இதிலேயே இருக்கிறது.

அதனால்தான் பல நாடுகளில் சட்டம் குறுக்கே வருகிறது. அமெரிக்காவில் 1969இல் வந்த சட்டத்தின் வழியாக, தனியார் அறநிதியங்கள் ஆண்டுதோறும் ஒரு குறைந்தபட்சத் தொகையை வழங்கியே ஆக வேண்டும் என்றானது. இன்று அது முதலீட்டுச் சொத்துகளின் மதிப்பில் ஏறத்தாழ 5 சதவீதம். இந்தியாவில் வேறு வழி: வருமான வரி விலக்கு வேண்டுமானால் பொதுவாக அந்த ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். முடியாமல் போனால், எதற்காகச் சேர்க்கிறோம் என்று எழுதிக் கொடுத்து ஐந்து ஆண்டு வரை வைத்திருக்கலாம். மூலநிதிக்கு என்று குறிப்பிட்டுத் தரப்பட்ட நன்கொடையைச் சட்டம் தனியாகப் பார்க்கிறது. இங்கிலாந்தில் இப்படிச் சதவீதக் கணக்கு கிடையாது. வருமானத்தை நியாயமான காலத்துக்குள் செலவிட வேண்டும், கையிருப்பு வைத்தால் ஏன் வைக்கிறோம் என்று ஆண்டறிக்கையில் விளக்க வேண்டும்.

இந்தச் சட்டங்களில் ஒரு பலவீனம் உண்டு. குறைந்தபட்சமாக எழுதியது, நடைமுறையில் பல இடங்களில் அதிகபட்சமாகிவிடுகிறது. சட்டம் சொன்னதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதி வந்துவிட்டால், அதற்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை.

நிரந்தர மூலநிதியே வேண்டாம், குறிப்பிட்ட காலத்துக்குள் முழுவதும் செலவாகட்டும் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். சியர்ஸ் என்ற அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனத்தை வளர்த்த ஜூலியஸ் ரோசன்வால்ட் 1917இல் ஒரு நிதியத்தைத் தொடங்கினார். தான் இறந்து 25 ஆண்டுகளுக்குள் முதல், வட்டி எல்லாம் தீர்ந்துவிட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழ அவர் பணம் உதவியது. 1948இல் நிதியம் மூடப்பட்டது. அமெரிக்கத் தொழிலதிபர் சக் ஃபீனி 1982இல் தொடங்கிய அட்லாண்டிக் நிதியமும் அப்படித்தான்: சுமார் 800 கோடி டாலர் கொடுத்து முடித்து, 2020இல் கதவை மூடியது. உங்கள் தோழி இப்படிப்பட்ட ஒரு நிதியத்திடம் போயிருந்தால் பதில் வேறு மாதிரி இருந்திருக்கலாம். ஆனால் பத்து ஆண்டு கழித்துப் போகிறவருக்கு அங்கே கதவு இருக்காது.

அப்புறம், காலம் கெட்டால் எல்லாமே ஒரே சமயத்தில் கெடுகிறது. பொருளாதாரம் சரியும்போது வேலை போகிறது, விண்ணப்பங்கள் குவிகின்றன. அதே மாதங்களில் பங்குச் சந்தை விழுகிறது, வட்டி குறைகிறது, நன்கொடை கொடுத்தவர்களே கையைச் சுருக்குகிறார்கள். தேவை உச்சத்தில் இருக்கும்போது வரத்து அடிமட்டத்தில். இதைச் சமாளிக்கப் பல அறக்கட்டளைகள் ஒரே ஆண்டின் மதிப்பை வைத்துக் கணக்குப் போடாமல் மூன்று ஆண்டுச் சராசரியை வைத்துச் செலவைத் தீர்மானிக்கின்றன. சந்தை ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு விழுந்தாலும் உதவித்தொகை அவ்வளவு விழாது. ஒரு சிலர் துணிந்து இன்னும் மேலே போனார்கள். 2020இல் கொரோனா தொற்றுக் காலத்தில் அமெரிக்காவின் ஃபோர்டு அறநிதியம் 30 ஆண்டு, 50 ஆண்டு கடன் பத்திரங்களை வெளியிட்டு 100 கோடி டாலர் திரட்டி, வழங்கும் தொகையைக் கூட்டியது. மூலநிதியை விற்காமல், நீண்ட காலக் கடனாக வாங்கிக் கஷ்ட காலத்தில் கொடுத்தார்கள். எல்லோராலும் முடியாது; சந்தையில் அந்த அளவு நம்பிக்கை பெற்ற பெரிய நிதியங்களால்தான் முடியும். ஆனால் கஷ்ட காலத்தில் கூடக் கொடுப்பது என்பதை முன்கூட்டியே விதியாக எழுதி வைக்க எந்தச் சிறிய அறக்கட்டளைக்கும் தடை இல்லை.

இப்போது நிபந்தனை விஷயம். நான் பார்த்தவரை, உண்மையான முட்டுக்கட்டை பெரும்பாலும் இங்கேதான். நோக்கம் எழுதிக் கொடுத்த பணத்தை வேறு காரியத்துக்கு எடுத்தால் அது நம்பிக்கை மோசடி. அறங்காவலர் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டி வரலாம். ஆகவே ஒரே அறக்கட்டளையில் ஒரு கணக்கில் பணம் தேங்கியும் இன்னொரு கணக்கு வறண்டும் இருப்பது சாதாரணம். லண்டனில் தாமஸ் பெட்டன் என்ற வணிகர் 1723இல் எழுதிய உயிலில், தன் சொத்தின் வருமானத்தில் பாதியை வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர்களிடமும் துருக்கியிலும் அடிமையாகச் சிக்கிய பிரிட்டிஷ்காரர்களை மீட்கச் செலவிடும்படி எழுதினார். அவர் காலத்தில் அது உயிர்போகிற பிரச்சினை. நூறு ஆண்டு கழித்து மீட்க ஆளே இல்லை. பணம் மட்டும் குவிந்துகொண்டிருந்தது. வழக்கு மேலே மேலே போய், 1844இல்தான் அந்தப் பணத்தைப் பள்ளிகளுக்குத் திருப்பி விடுவது உறுதியானது. எழுதியவரின் எண்ணத்துக்கு மிக அருகில் இருக்கும் இன்னொரு நோக்கத்துக்கு மாற்ற நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். நன்கொடை கொடுக்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன்: அறங்காவலர்கள் மேல் நம்பிக்கை இருந்தால் நிபந்தனை போடாமல் கொடுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் கொடுக்காதீர்கள். குறுகிய நிபந்தனை போட்டுக் கொடுப்பது, நமக்குத் தெரியாத எதிர்காலத்தைக் கட்டிப்போடுவது.

நிறுவனங்களோடு பிணைந்த அறக்கட்டளைகள் தனி வகை. சில, நிறுவனத்தின் பங்குகளையே சொத்தாக வைத்திருக்கும். டாடா குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸின் பங்குகளில் சுமார் 66 சதவீதம் டாடா அறக்கட்டளைகளிடம் இருப்பது இந்த வகை. ஈவுத்தொகை வரும் அளவுக்கு அறப்பணி. இன்னொரு வகையில் நிறுவனம் ஆண்டுதோறும் பணம் தரும். பிரிட்டனில் எரிவாயு, மின்சார நிறுவனங்கள் பணம் தந்து நடக்கும் அறக்கட்டளைகள், கட்டணம் கட்ட முடியாமல் கடனில் விழுந்தவர்களின் நிலுவையைத் தீர்க்க உதவுகின்றன. இதில் ஒரு நெருடல் உண்டு: நிறுவனம் கொடுத்த பணம், வாடிக்கையாளரின் பாக்கியாகச் சுற்றி வந்து அதே நிறுவனத்திடமோ அதன் போட்டியாளரிடமோ சேர்கிறது. அதைக் குறை என்று ஒதுக்க எனக்கு மனம் இல்லை. இணைப்பு துண்டிக்கப்படாமல் குளிரில் தப்பிய குடும்பத்துக்கு அது உண்மையான உதவிதான். ஆனால் இப்படிப்பட்ட அறக்கட்டளை, கடன் ஆலோசனை, வீட்டைக் கதகதப்பாக வைக்கும் பழுது வேலைகள் என்று அடுத்த பாக்கி விழாமல் தடுக்கும் காரியங்களுக்கும் செலவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். வேறு நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கும் உதவுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அறங்காவலர்களில் பெரும்பான்மையினர் நிறுவனத்துக்கு வெளியில் இருப்பவர்களா என்பது அதைவிட முக்கியம்.

சரி, பணம் மேஜைக்கு வந்துவிட்டது. அங்கே என்ன நடக்கிறது?

ஒரு விண்ணப்பத்தைத் திறந்தால் முதல் பக்கத்தில் குடும்ப விவரம். இரண்டாவது பக்கத்தில் மாத வரவும் செலவும். மூன்றாவதில் கடன் பட்டியல்: யாருக்கு, எவ்வளவு, எத்தனை மாதம் பாக்கி. பின்னால் வங்கி அறிக்கை, வாடகை ஒப்பந்தம், உரிமையாளரின் நோட்டீஸ், சமூகப் பணியாளரோ மருத்துவரோ ஆசிரியரோ எழுதிய பரிந்துரைக் கடிதம். படிப்பவர் முதலில் தேடுவது ஏழ்மையின் ஆழத்தை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதலில் தேடுவது, இந்தப் பணம் கொடுத்தால் நிலைமை மாறுமா என்பதை. ஒரு பெண்மணி மூன்று மாத வாடகை பாக்கி. நான்காவது மாதத்திலிருந்து புது வேலையில் சம்பளம் வரும் என்ற கடிதம் இருக்கிறது. அவருக்கு இடைவெளியை அடைத்தால் வீடு தங்கும், பிள்ளைகள் பள்ளி மாற வேண்டாம். அதே மூன்று மாத பாக்கி உள்ள இன்னொருவருக்கு வாடகையே வருமானத்தைவிட அதிகம். பாக்கியை அடைத்தாலும் நான்கு மாதத்தில் மறுபடி அதே இடம். இரண்டாமவரின் கஷ்டம்தான் பெரியது. ஆனால் குழு முதலாமவருக்கே எளிதாகக் கொடுக்கும். இது எனக்கு எப்போதும் உறுத்திய விஷயம். நல்ல அறக்கட்டளை இரண்டாமவரைத் திருப்பி அனுப்பாது. வாடகை குறைந்த வீட்டுக்கு மாற முன்பணம், மாற்றும் செலவு, கடன்காரர்களோடு பேச ஓர் ஆலோசகர் என்று வேறு விதமாக உதவும். அதற்கு அதிகப் பணம் வேண்டும் என்பதைவிட அதிக நேரம் வேண்டும். நேரம் என்றால் சம்பளம் வாங்கும் ஊழியர்.

நிர்வாகச் செலவு பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நூறு சதவீதமும் ஏழைகளுக்கே என்று சொல்லும் இடத்தில், அலுவலகச் செலவை வேறு யாரோ தனியாகக் கொடுக்கிறார்கள் என்றுதான் பொருள். அது தவறில்லை. ஆனால் நிர்வாகச் செலவு குறைவு என்பதை மட்டும் வைத்து ஒரு அறக்கட்டளையை நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். சிறு தொகை கேட்டு வரும் விண்ணப்பத்தைப் படிக்கவும் பெருந்தொகை கேட்டு வருவதைப் படிக்கவும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகிறது. நூறு சிறு உதவிகள் செய்யும் இடத்தில் சதவீதம் அதிகமாகத்தான் தெரியும். ஒரு மருத்துவமனைக்கு ஒரே காசோலை கொடுக்கும் இடத்தில் சதவீதம் மிகக் குறைவாகத் தெரியும். தனி மனிதர்களின் கஷ்டத்தைக் கேட்டு உட்கார்வதற்குச் செலவு ஆகும்.

யார் தகுதியானவர் என்பதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: ஒன்றுமே இல்லாதவருக்குத்தான் அறக்கட்டளை உதவும் என்று. 1951இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது: முழு வறுமை வேண்டியதில்லை, தன் நிலைக்கு ஏற்றபடி வாழ முடியாமல் தட்டுப்பாட்டில் இருப்பவரும் வறுமை நிவாரண அறத்துக்குள் வருவார். 1972இல் இன்னொரு வழக்கில், ஒரு நிறுவனத்தின் ஏழை ஊழியர்களுக்கென்று ஏற்படுத்திய நிதியும் செல்லும் என்று தீர்ப்பானது. இவை அந்த நாட்டுச் சட்டம்தான் என்றாலும், தொழில்வாரியாக, பணியிடவாரியாக நலநிதிகள் இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வேலையிடத்திலோ தொழில் சங்கத்திலோ ஒரு நலநிதி சும்மா கிடக்கலாம். அங்கே போட்டியும் குறைவாக இருக்கும். வேலை இழந்தவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு அது.

அரசு உதவிக்கு விண்ணப்பித்தீர்களா என்று கேட்பார்கள். கேட்கும்போது தட்டிக்கழிப்பது போலத் தோன்றும். காரணம் இருக்கிறது. அரசு கொடுக்க வேண்டியதை அறக்கட்டளை கொடுத்துவிட்டால், அந்தப் பணம் ஏழைக்குக் கூடுதலாகச் சேராது, அரசுக்குத்தான் மிச்சம். இன்னொன்று, சில நாடுகளில் கிடைத்த நன்கொடையை வருமானமாகக் கணக்கிட்டு அரசு உதவியைக் குறைத்துவிடும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் சில சமயம் பணத்துக்குப் பதில் பொருளாகவோ, நேராகக் கட்டணமாகவோ கொடுக்கிறார்கள்.

இங்கேதான் உங்கள் தோழியின் முக்கியமான வருத்தத்துக்கு வருகிறோம். ஏன் அவர் கையில் கொடுக்கவில்லை? அறக்கட்டளை சொல்லும் காரணங்கள் மூன்று: தணிக்கைக்கு ரசீது வேண்டும், கொடுத்த நோக்கத்துக்கே பணம் போனது என்று காட்ட வேண்டும், வேறு கடன்காரர் பறித்துக்கொள்ளக் கூடாது. மூன்றாவது காரணம் உண்மையிலேயே அந்தக் குடும்பத்துக்கு நன்மை. கணக்கில் ஏற்கெனவே மைனஸ் இருந்தால் வங்கியே எடுத்துக்கொண்டுவிடும், வாடகைக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆனால் கையில் கொடுத்தால் வீணடித்துவிடுவார்கள் என்ற எண்ணம் பின்னால் ஒளிந்திருந்தால் அதை நான் ஏற்க மாட்டேன். உலக வங்கியின் ஆய்வாளர்கள் 2014இல் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ரொக்க உதவி பெற்றவர்கள் மது, புகையிலைக்குச் செலவிடுவது அதனால் கூடவில்லை என்றே தெரிந்தது. மாதச் செலவை ஒவ்வொரு காசாக எண்ணி நடத்தும் ஒருவருக்குத் தன் வீட்டுக்கு எது அவசரம் என்று குழுவைவிட நன்றாகத் தெரியும். உரிமையாளர் கணக்குக்கு ஓர் அறக்கட்டளையின் பெயரில் பணம் போனால், உதவி பெறுபவரின் நிலைமை அவர் கேட்காமலே இன்னொருவருக்குத் தெரிந்துவிடுகிறது. அது சின்ன விஷயம் இல்லை. ரொக்கம் என்பது வழக்கமாகவும், நேரடியாகக் கட்டுவது காரணம் சொல்லிச் செய்யும் விதிவிலக்காகவும் இருக்க வேண்டும் என்று எங்கள் குழுவில் வாதாடியிருக்கிறேன். இப்போதும் அதுதான் என் நிலை.

இனி உங்கள் தோழி என்ன செய்யலாம்? முதலில் கிடைத்த கடிதத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த நிதியிலிருந்து கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும், இல்லாவிட்டால் தொலைபேசியில் கேட்கலாம். பொது நிதியிலிருந்து கொடுத்திருந்தால், வேறு நோக்கத்துக்கான நிதி ஏதாவது அவர் நிலைக்குப் பொருந்துமா என்று அதே அறக்கட்டளையிடம் கேட்க அவருக்கு உரிமை உண்டு. கேட்டால் கோபப்பட மாட்டார்கள். பொருத்தமான ஆள் இல்லாமல் சில நிதிகள் தேங்கி நிற்பதால் சந்தோஷப்படவும் கூடும். அடுத்த தடவை, அவர்களுடைய நிதியாண்டு எந்த மாதம் தொடங்குகிறது என்று விசாரித்துவிட்டு, தொடக்க மாதங்களில் விண்ணப்பிக்கட்டும். ஆண்டுக் கடைசியில் ஒதுக்கீடு பெரும்பாலும் தீர்ந்திருக்கும். குழு கூடும் தேதிக்குக் காத்திருக்க முடியாத நிலை என்றால், கூட்டத்துக்கு முன்பே அவசர உதவி அனுமதிக்கும் அதிகாரம் தலைவருக்கோ செயலாளருக்கோ இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கட்டும். பல இடங்களில் இருக்கிறது, விளம்பரப்படுத்துவதில்லை.

விண்ணப்பத்தில் கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. எவ்வளவு வேண்டும், எந்தத் தேதிக்குள், கிடைத்தால் அடுத்த மூன்று மாதம் எப்படி ஓடும் என்ற மூன்றும் முதல் பத்தியிலேயே இருந்தால் படிப்பவர் கை தானாக ஒப்புதலை நோக்கிப் போகும். முழுத் தொகையை ஒரே இடத்தில் கேட்பதைவிட, இரண்டு மூன்று அறக்கட்டளைகளிடம் பிரித்துக் கேட்டு, மற்றவற்றிடமும் கேட்டிருக்கிறேன் என்று மறைக்காமல் எழுதுவது நல்லது. ஒருவர் பாதி கொடுக்க ஒப்புக்கொண்ட கடிதம் இருந்தால் அடுத்தவர் மீதியைக் கொடுக்கத் தயங்குவது குறைவு.

நிராகரித்தால் காரணம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பணம் இல்லை, தகுதி இல்லை, காகிதம் போதவில்லை என்ற மூன்றும் வேறு வேறு பதில்கள். முதல் பதில் என்றால் அடுத்த நிதியாண்டில் மறுபடி கேட்கலாம். மூன்றாவது என்றால் அந்தக் காகிதத்தைச் சேர்த்து அடுத்த வாரமே கேட்கலாம். இரண்டாவது பதில் மட்டும்தான் வேறு இடம் பார்க்கச் சொல்வது.